மலிவு விலை யூஸ் அண்ட் த்ரோ ரேசரை வடிவமைப்பது எப்படி

யூஸ் அண்ட் த்ரோ ரேசரின் தரம் அதன் கைப்பிடியில் இல்லை, நிறத்தில் இல்லை, பிளேடுகளின் எண்ணிக்கையிலும் இல்லை. பிளேடு முனையைச் சுற்றி 2 மி.மீ. அளவுள்ள இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தின் அளவுகள் சரியாக இருந்தால் 6 கிராம் பிளாஸ்டிக்கில் நல்ல ரேசர் செய்துவிடலாம். தவறினால் எவ்வளவு செலவு செய்தாலும் முகம் எரியும். புதிதாக வடிவமைக்க வருகிறவர்கள் பெரும்பாலும் கைப்பிடியை வரைவதில் தொடங்குகிறார்கள். தலையை முடித்துவிட்டு அதற்கேற்ப கைப்பிடி வரைவதே சரியான வரிசை.

இங்கே சொல்வது ஒற்றை பிளேடு, அசையாத தலை, மொத்தம் இரண்டு பிளாஸ்டிக் பாகங்கள் (கைப்பிடியோடு சேர்ந்த அடிப்பாகம், பிளேடை மேலிருந்து பிடிக்கும் கேப்), மேலே ஒரு மூடி என்ற அமைப்பு. பிளேடைச் சொந்தமாகச் செய்யும் எண்ணம் வேண்டாம். 13 சதவீதம் அளவுக்குக் குரோமியம் உள்ள எஃகுப் பட்டையை 1000 டிகிரிக்கு மேல் சூடாக்கி, உறைநிலைக்கும் வெகு கீழே குளிரவைத்து, பல கட்டமாகத் தீட்டி, டெஃப்லான் பூசிச் சூளையில் உருக்கிப் படியவைக்கும் வேலை அது. பிளேடை வாங்குங்கள், பிளாஸ்டிக்கை வடிவமையுங்கள்.

யார், எந்தத் தண்ணீரில் ஷேவ் செய்கிறார்

கன்னியாகுமரி மாவட்டத்தின் குளச்சல், முட்டம் கரைகளில் கடலுக்குப் போகிறவர்களும், விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களும் தினமும் ஷேவ் செய்வதில்லை. தாடி ஒரு நாளில் சுமார் 0.3 முதல் 0.4 மி.மீ. வரை வளரும். நான்கு நாள் தாடி என்றால் ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. நீளம். ஓடும் குழாய் எல்லா வீட்டிலும் இல்லை. ஒரு கப்பில் தண்ணீர், சுவரில் ஒரு சிறு கண்ணாடி, குளிக்கிற சோப்பு, அவ்வளவுதான். கடலோரக் கிணற்றுத் தண்ணீர் உப்பும் கடினமும் உள்ளதாக இருந்தால் நுரை குறையும், சோப்புக் கசடு பிளேடில் ஒட்டும்.

இதிலிருந்தே வடிவமைப்பின் முடிவுகள் வந்துவிடும். இரண்டு மூன்று பிளேடு அடுக்கினால் நடுவிலுள்ள 1 மி.மீ. சந்தில் ஒன்றரை மி.மீ. முடியும் கசடும் அடைத்துக்கொள்ளும். கப் தண்ணீரில் அது கழுவிப் போகாது. எனவே ஒற்றை பிளேடு, பின்பக்கம் திறந்த தலை. 2010-ல் இந்தியாவில் 15 ரூபாய்க்கு வந்த ஜில்லெட் கார்டு ரேசரும் இதே வழியில்தான் போனது: ஒற்றை பிளேடு, சீப்பு போன்ற முன்பகுதி, கழுவுவதற்குப் பெரிய திறப்பு, மிகக் குறைந்த பாகங்கள். அதன் மாற்று பிளேடு அப்போது 5 ரூபாய். ஒன்று வாங்கி அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பாருங்கள். ஆனால் வடிவத்தை அப்படியே எடுக்கக் கூடாது. இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். காப்புரிமைக்கு 20 ஆண்டு ஆயுள். பதிவு செய்த தோற்ற வடிவத்துக்கு 10 ஆண்டு, நீட்டித்தால் 15.

மாதிரிக்கான பிளேடு

கடையில் கிடைக்கும் இருமுனை பிளேடே மாதிரிக்குப் போதும். அது சுமார் 43 மி.மீ. நீளம், 22 மி.மீ. அகலம், 0.1 மி.மீ. தடிமன். சலூனில் செய்வதுபோலத் தாள் உறையோடே நீளவாக்கில் மடக்கி ஒடித்தால் 11 மி.மீ. அகலத்தில் இரண்டு பாதி கிடைக்கும். வெட்டும் முனை சுமார் 37 மி.மீ. பாதி பிளேடில் முழுத் துளை இருக்காது. ஆகவே பின்விளிம்பையும் இரு ஓரங்களையும் வைத்து இடம்பொருத்துங்கள். உற்பத்திக்குப் போகும்போது துளையிட்ட ஒருமுனை பிளேடு வாங்க வேண்டும்.

பிளேடின் முனையைத் துணியால் துடைக்கக் கூடாது, ஒரு தடவைகூட. பூச்சு உரியும், முனை மடங்கும். பிறகு நடக்கும் சோதனை எதையும் நம்ப முடியாது. ஓரத்தைப் பிடித்து இடுக்கியால் எடுங்கள் அல்லது சிறு காந்தத்தில் தூக்குங்கள்.

நான்கு அளவுகள்

தலையைக் குறுக்கே வெட்டியதாக ஒரு படம் வரையுங்கள், 20 மடங்கு பெரிதாக. தோலில் முதலில் படுவது, பிளேடுக்கு முன்னால் தோலைத் தாங்கும் விளிம்பான கார்டு. அடுத்து பிளேடு முனை. அதற்குப் பின்னால், பிளேடை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் கேப். கார்டின் உச்சியையும் கேப்பின் உச்சியையும் தொட்டபடி ஒரு கோடு இழுத்தால் அதுதான் தோலின் கோடு. எல்லா அளவும் இந்தக் கோட்டிலிருந்து எடுக்கப்படும்.

முதலாவது சாய்வு: தோலின் கோட்டுக்கும் பிளேடின் தளத்துக்கும் நடுவிலுள்ள கோணம். 25 டிகிரியில் தொடங்குங்கள். 20-க்குக் கீழே போனால் பிளேடு முடியின் மேல் படுத்து வழுக்கும். 30-ஐத் தாண்டினால் தோலைச் சுரண்டும்.

இரண்டாவது வெளிநீட்டம்: முனை அந்தக் கோட்டுக்கு மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது. தொடக்கம் 0, அதாவது முனை கோட்டின் மேலேயே இருக்க வேண்டும். 0.1 மி.மீ. மேலே போனாலே வித்தியாசம் முகத்தில் தெரியும். 0.2 என்றால் கை பழகாதவருக்கு வெட்டு விழும். கோட்டுக்குக் கீழே 0.1 இறங்கினால் பாதுகாப்பு கூடும், ஆனால் அடிமுடி நிற்கும்.

மூன்றாவது இடைவெளி: கார்டிலிருந்து முனை வரை. 0.8 மி.மீ. நல்ல தொடக்கம், 0.6 முதல் 1.0 வரை முயன்று பார்க்கலாம். இந்தச் சந்துக்குள் தோல் பிதுங்கி ஏறும். சந்து அகலமானால் பிதுக்கமும் கூடும், அங்கேதான் ரத்தம் வரும். நீளத் தாடிக்கு இடம் வேண்டுமே என்று சந்தை அகலப்படுத்துவது தவறான வழி. சந்தை 0.8-லேயே வைத்து, கார்டைச் சீப்புப் பல்லாக வெட்டுங்கள். முடி பல்லுக்கிடையே நுழையும். தோலைப் பல்லின் உச்சி தாங்கும். பல் உச்சியில் 0.3 மி.மீ. உருட்டல் அவசியம்.

நான்காவது, கேப் முனையிலிருந்து எவ்வளவு பின்னால் தோலைத் தொடுகிறது என்பது. 1 மி.மீ. அளவில் வையுங்கள். இதில் கொஞ்சம் முன்பின் இருந்தால் பெரிய கெடுதல் இல்லை.

இந்த அளவுகள் ஒன்றோடொன்று பின்னியவை. 25 டிகிரி சாய்வில் பிளேடு 0.1 மி.மீ. முன்னால் நகர்ந்தால் இடைவெளி 0.09 குறையும், வெளிநீட்டம் 0.04 கூடும். ஆகவே பிளேடு உட்காரும் பள்ளத்தில் 0.05 மி.மீ.க்கு மேல் ஆட்டம் இருக்கக் கூடாது. படத்தில் 0.05 என்று எழுதுவது எளிது. பிளாஸ்டிக்கில் அதைக் கொண்டுவருவதே இந்த வேலையின் கஷ்டமான பகுதி.

அளவைச் சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். பைக் மெக்கானிக் டேப்பெட் சரிபார்க்க வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் இடைவெளிக்குப் போதும். வெளிநீட்டத்துக்கு, அளவியல் ஆய்வகம் உள்ள பாலிடெக்னிக்கிலோ பொறியியல் கல்லூரியிலோ புரொஃபைல் புரொஜெக்டர் உண்டா என்று கேளுங்கள்; தலையின் நிழலைச் சுவரளவு பெரிதாக்கி அளக்கும் கருவி அது. வெளிநீட்டத்தை மாற்றிப் பார்க்க 0.1 மி.மீ. தடிமனுள்ள பிளாஸ்டிக் தாளைக் கீற்றாக வெட்டிச் செருகுங்கள். பிளேடுக்கு அடியில் ஒரு கீற்று வைத்தால் முனை ஏறும். பிளேடுக்கும் கேப்புக்கும் நடுவே வைத்தால் இறங்கும். ஒரு கீற்றுக்கு மாற்றம் சுமார் 0.05 மி.மீ., ஏனெனில் கேப் உயரும்போது தோலின் கோடும் கூடவே உயர்கிறது. ஜெராக்ஸ் தாளும் ஏறக்குறைய அதே தடிமன்தான், ஆனால் நனைந்ததும் ஊதிவிடும்.

தாங்கலும் தண்ணீர் வழியும்

0.1 மி.மீ. பிளேடு அதிகம் வளையக்கூடியது. தாங்கல் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி 1 மி.மீ.லிருந்து 2 மி.மீ. ஆனால் வளைவு எட்டு மடங்காகும், ஏனெனில் அது நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. வளைந்து துள்ளும் பிளேடு முடியை அறுக்காமல் பிடுங்கும். எனவே முனையிலிருந்து 1 மி.மீ. தூரம் வரை அடியில் தாங்கல் வேண்டும். ஆனால் அங்கே சுவர் வைத்தால் கழுவிய தண்ணீர் போக வழியில்லை.

இதற்குத் தீர்வு தொடர்ச்சியான சுவரை விட்டு, தூண் தூணாகத் தாங்குவது. 37 மி.மீ. நீளத்தில் 2 மி.மீ. அகலமுள்ள 6 தூண்கள் வைத்தால் நடுவே 5 மி.மீ. அகலத்தில் 5 ஜன்னல்கள் கிடைக்கும். ஜன்னலின் ஆழத் திசையில் குறைந்தது 2 மி.மீ. திறப்பு விடுங்கள். ஜன்னலின் பின்வாசல் முன்வாசலைவிடக் குறுகவே கூடாது.

சோதனை: சலூனில் கூட்டி அள்ளிய முடியை ஒன்றரை மி.மீ. துண்டுகளாகக் கத்தரித்து, சோப்பு நுரையில் குழைத்து, தலை நிறைய அப்புங்கள். 200 மி.லி. தண்ணீர் உள்ள கப்பில் ஐந்து முறை அலசி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஐந்து ஜன்னலிலும் வெளிச்சம் தெரிய வேண்டும். கடலோரத்துக் கிணற்றுத் தண்ணீரிலும் இதையே செய்யுங்கள். குழாயின் கீழ் காட்டிக் கழுவும் சோதனை இங்கே எதையும் நிரூபிக்காது.

ஜன்னலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிளேடுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே உப்புத் தண்ணீர் தேங்கினால் 13 சதவீதக் குரோமிய எஃகு தாங்காது, அந்தச் சந்திலிருந்தே துரு தொடங்கும். ஒரு லிட்டருக்கு 35 கிராம் உப்பு கரைத்தால் கடல்நீரின் அளவு. அதில் முக்கி, உதறி, நிழலில் ஒரு நாள் காயவிடுங்கள். ஐந்து சுற்று முடிந்ததும் கேப்பைக் கழற்றி, தூண் தொட்ட இடங்களைப் பாருங்கள். பழுப்புக் கறை இருந்தால் தூணின் மேற்பரப்பை இன்னும் சிறிதாக்குங்கள்.

கைப்பிடி

நீளம் 105 மி.மீ., அகலம் 10 மி.மீ. போதும். கட்டியாக வார்க்காதீர்கள், தண்டவாளத்தின் குறுக்குவெட்டைப் போல நடுவில் மெலிந்து இரு ஓரமும் தடித்திருந்தால் பாதிப் பிளாஸ்டிக்கில் அதே விறைப்பு கிடைக்கும். ஷேவ் செய்யும்போது கை கொடுக்கும் அழுத்தம் பெரும்பாலும் 100 முதல் 200 கிராம் எடைக்குச் சமம். தலையை வைஸில் கடித்து, கைப்பிடியின் கடைசியில் 500 கிராம் தொங்கவிட்டு, நிரந்தரமாக வளையாமல் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். சோப்புக் கை வழுக்காதிருக்கப் பிடிக்கும் இடத்தில் 0.5 மி.மீ. உயரக் குறுக்குக் கோடுகள் போதும். ரப்பர் பிடி வைத்தால் தனி மோல்டும் (வார்ப்பு அச்சும்) தனிச் செலவும் வரும். பிறகு ஒரு மீட்டர் உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் மூன்று பக்கமும் படும்படி போட்டுப் பாருங்கள்.

எந்தப் பிளாஸ்டிக்

தலைக்கு ஹை இம்பாக்ட் பாலிஸ்டைரீன். காரணம் சுருக்கம். அச்சில் வார்த்து ஆறும்போது இது சுமார் 0.5 சதவீதம் சுருங்கும், 42 மி.மீ. தலையில் 0.2 மி.மீ. பாலிப்ரொப்பிலீன் விலையும் எடையும் குறைவு, ஆனால் சுருக்கம் 1 முதல் 2.5 சதவீதம் வரை; அதே தலையில் 0.4-லிருந்து 1 மி.மீ. வரை போய், ஓரிடம் ஒரு மாதிரியும் இன்னோரிடம் வேறு மாதிரியும் முறுக்கிக்கொள்ளும். 0.05 மி.மீ. பிடிக்க வேண்டிய இடத்தில் அது உதவாது.

ஆனால் பாலிஸ்டைரீனுக்கு எண்ணெய் ஆகாது. இழுவிசை இருக்கும் இடத்தில் தாவர எண்ணெய் பட்டால் நாளடைவில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடி, ஒருநாள் படக்கென்று ஒடியும். தேங்காய் எண்ணெய் தேய்த்த கை படாத ரேசர் இந்த மாவட்டத்தில் இருக்காது. கைப்பிடியை லேசாக வளைத்துக் கட்டி, தேங்காய் எண்ணெய் பூசி ஒரு வாரம் வையுங்கள். பூசாத இன்னொன்றையும் அதே அளவு வளைத்துப் பக்கத்தில் வையுங்கள். பூசியது மட்டும் வெளுத்துக் கோடு விட்டால் பொருளின் கிரேடை மாற்றுங்கள் அல்லது ஏபிஎஸ் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக்குக்குப் போங்கள். ஏபிஎஸ் ஈரத்தை இழுக்கும். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் அதை 80 டிகிரியில் 2 முதல் 4 மணி நேரம் உலர்த்தாமல் வார்த்தால் மேலே வெள்ளிக் கீற்று விழும்.

மாதிரி செய்வது

கைப்பிடியைச் சாதாரண இழை 3டி பிரிண்டரில் அச்சிடலாம். தலைக்கு அதன் துல்லியம் போதாது, 0.05 மி.மீ. அடுக்கில் அச்சிடும் ரெசின் பிரிண்டர் வேண்டும். ஆனால் ரெசின் தலையை முகத்தில் வைக்கக் கூடாது. முழுதாக இறுகாத ரெசின் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். அதை அளவு எடுக்கவும் அலசல் சோதனைக்கும் மட்டும் வையுங்கள். தோலில் வைத்துப் பார்க்கும் மாதிரியை ஏபிஎஸ் அல்லது அக்ரிலிக் கட்டையிலிருந்து சிஎன்சி என்ற கணினி இயக்கும் மெஷினில் கடைந்து எடுங்கள்.

முதலில் முன்கையில் முடி உள்ள இடத்தில் ஷேவ் செய்து பாருங்கள், பிறகு கன்னம், கடைசியில் மேலுதடும் கழுத்தும். முகத்தை 3 நிமிடமாவது நனைத்த பிறகே தொடங்க வேண்டும். நனைந்த முடியை அறுக்கப் பாதிக்கும் குறைவான விசை போதும், காய்ந்த முகத்தில் எந்த ரேசரும் மோசமாகத்தான் தெரியும். ஒருவர் தொட்ட பிளேடை இன்னொருவர் தொடக் கூடாது. ரத்தம் வழிப் பரவும் மஞ்சள்காமாலை இதனாலும் வரும்.

மோல்டு

மோல்டு செய்பவரிடம் போகுமுன் படத்தில் இவை இருக்க வேண்டும்: எல்லாச் செங்குத்துச் சுவருக்கும் 1 டிகிரி சரிவு, சுவர்த் தடிமன் 1.5 முதல் 2 மி.மீ.; விறைப்புக் கோடுகளின் தடிமன் சுவரில் 60 சதவீதத்துக்குள். இதை மீறினால் மறுபக்கத்தில் குழி விழும். ஜன்னல்களின் திசை மோல்டு திறக்கும் திசையோடு ஒன்றாக இருக்கட்டும். தலையைக் கைப்பிடிக்குச் சாய்வாக வரைந்து, ஜன்னலையும் தலையோடு சேர்த்துச் சாய்த்துவிட்டால் பக்கவாட்டில் இழுக்கும் ஸ்லைடு வேண்டியிருக்கும், மோல்டின் விலை எகிறும்.

பிளாஸ்டிக் உள்ளே நுழையும் கேட்டைக் கைப்பிடியில் வையுங்கள். மோல்டின் இரு பாதி சேரும் கோடு கார்டின் உச்சி வழியே போகவே கூடாது. மோல்டு தேயத் தேய அந்தக் கோட்டில் மெல்லிய பிசிர் வளரும். பிளேடு சரியாக இருந்தும் முகம் கீறுகிறது என்று புகார் வந்தால் பெரும்பாலும் இந்தப் பிசிர்தான் காரணம். விரல் நகத்தைக் கார்டின் மேல் ஓட்டிப் பார்த்தால் தட்டும்.

கேப்பை இணைக்க, கேப்பின் அடியிலிருந்து 1.6 மி.மீ. குறுக்களவுள்ள முளைகள் பிளேடின் துளை வழியாக இறங்கி அடிப்பாகத்துக்குப் பின்னால் 2 மி.மீ. நீளட்டும். அங்கே சூடான முனையால் அழுத்திக் குடைபோல் பரத்திவிடுங்கள். தோல் படும் பக்கம் வழவழப்பாக இருக்கும். பசை வேண்டாம்: பிளேடு முனைக்கு வழிந்துவிடும்.

மோல்டை மூடிப் பிடிக்கும் விசையைக் கொண்டே மெஷின் அளவைச் சொல்வார்கள், அதற்கு ஒரு கணக்கு: ஒரு ரேசரின் பரப்பு சுமார் 15 சதுர செ.மீ. ஒரே தடவையில் நான்கு ரேசர் வார்க்கும் நான்கு குழி மோல்டுக்கு 60. சதுர செ.மீ.க்கு 0.4 டன் என்று எடுத்தால் 24 டன், குழிகளுக்குப் பிளாஸ்டிக் பாயும் வழியான ரன்னரையும் சேர்த்துப் பார்த்தாலும் 60 டன் மெஷின் தாராளம்.

தவறு எங்கே

முடியைப் பிடுங்கினால் முதலில் தூண்களைப் பாருங்கள், பிளேடு தாங்கலில் படியாமல் நிற்கும். அடுத்து முளை தளர்ந்திருக்கும். ஒரு ஓரம் மட்டும் வெட்டினால் தலை முறுக்கியிருக்கிறது: மோல்டில் குளிர்ச்சி ஒரு பக்கம் குறைவு, அல்லது சூடு ஆறுமுன் எடுத்துப் பெட்டியில் குவித்திருக்கிறார்கள். முதல் ஷேவ் நன்றாக இருந்து இரண்டாவதில் எரிந்தால் பெரும்பாலும் பிளேடு. மூடி கழற்றும்போது முனையில் உரசுகிறதா என்றும் பாருங்கள், பலர் இதைக் கவனிப்பதில்லை. மூடியின் உள்சுவர் முனையிலிருந்து 1 மி.மீ. விலகியே இருக்க வேண்டும்.

விலைக் கணக்கும் சட்டமும்

எடுத்துக்காட்டாக ரேசர் 6 கிராம், மூடி 1 கிராம், பிளாஸ்டிக் கிலோ 130 ரூபாய் என்று வைத்தால் பொருளுக்கு 91 பைசா. நான்கு குழி, 20 வினாடிச் சுற்று என்றால் மணிக்கு 720 ரேசர். மெஷின் வாடகை மணிக்கு 400 ரூபாய் என்றால் ஒன்றுக்கு 56 பைசா. மோல்டுக்கு 3 லட்சம் ஆனால், ஒரு லட்சம் ரேசர் விற்கும்போது ஒன்றுக்கு 3 ரூபாய், பத்து லட்சம் விற்றால் 30 பைசா. பிளாஸ்டிக்கில் அரை கிராம் மிச்சம் பிடிப்பதைவிட மோல்டு எத்தனை லட்சம் வார்ப்பைத் தாங்கும் என்பதே விலையை முடிவு செய்கிறது. பிளேடு, பாகங்களைப் பூட்டும் வேலை, அட்டை, கடைக்காரர் கமிஷன், வரி ஆகியவற்றை இதன்மேல் ஏற்றுங்கள். கடன், மானியத் திட்டங்களுக்கு நாகர்கோவில் கோணத்திலுள்ள மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம். மோல்டு, பிளாஸ்டிக் பயிற்சிக்கு மதுரையிலும் கொச்சியிலும் மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிபெட்டின் மையங்கள் உண்டு.

அட்டையில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, எண்ணிக்கை, தயாரித்த மாதமும் ஆண்டும், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச சில்லறை விலை, புகார் தெரிவிக்கும் தொடர்பு விவரம் ஆகியவை கட்டாயம். 2011-ம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் இதைச் சொல்கின்றன.

மூடியை ஒரு முறை மட்டும் கழற்றுவதற்காகச் செய்யாதீர்கள். தேய்ந்த ரேசரின் தலையில் திரும்ப மாட்டினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும்படி இரண்டாவது பள்ளம் ஒன்றை 0.4 மி.மீ. ஆழத்தில் வையுங்கள். பேரூராட்சிக் குப்பையைத் தூய்மைப் பணியாளர்கள் கையால் பிரிக்கிறார்கள். மூடியில்லாத ரேசர் கையுறையைக் கிழிக்கும். ‘வீசுமுன் மூடியைப் பூட்டவும்’ என்ற வரியைக் கைப்பிடியின் பின்புறம் மோல்டிலேயே பொறிக்கச் சொல்லுங்கள். எழுத்து 0.3 மி.மீ. புடைத்திருந்தால் சோப்புக் கறையிலும் படிக்கலாம், ஒரு ரேசருக்குச் செலவு ஒரு பைசாகூட ஏறாது.